குவைத்துக்குப் போன கேசட்

புத்தூரில் நான் ஏறிய பேருந்தில் ஒரு சினிமாப் பாட்டு ஓடியது. காதலியைப் பிரிந்தவன் ஒரு நாளை ஒரு யுகம் என்று பாடினான். "உயர்வு நவிற்சி" என்று என் வாய் தானாகச் சொன்னது.

நகரியில் நான் எட்டாம் வகுப்பு படித்தபோது என் அப்பா, எங்கள் வழக்கில் நைனா, குவைத்தில் லாரி ஓட்டினார். அவர் அனுப்பிய டேப்ரிக்கார்டரில் பாட்டுப் போட்டுத்தான் நானும் என் தோழி கௌரியும் அணி இலக்கணம் படித்தோம். முகம் நிலவு போல என்று வந்தால் உவமை, முகமே நிலவு என்று வந்தால் உருவகம், உள்ளதைக் கூட்டிச் சொன்னால் உயர்வு நவிற்சி. யார் முதலில் சொல்கிறோம் என்று போட்டி.

அம்மாவுக்கு எழுதத் தெரியாது. தறி வேலை முடிந்த மாலைகளில் நைனாவுக்கான கடிதத்தை அதே பெட்டியில் பேசிப் பதிவு செய்வாள். விடுமுறையில் வந்து திரும்புகிறவர்கள் கேசட்டைக் கொண்டுபோவார்கள்.

ஒரு நாள், "நீ போயி ஆயிரம் வருசம் ஆச்சி. வேளைக்குத் துன்றியா?" என்றாள்.

"ரெண்டு வருசந்தாம்மா! இது உயர்வு நவிற்சி!" என்று நான் கத்தினேன். கௌரி சிரித்தாள். அம்மா பெட்டியை நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டாள். எங்கள் சிரிப்போடே கேசட் போனது.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. நைனா முதலில் என்னிடம்தான் பேசினார்.

"கண்ணு, உங்கம்மா கூட்டிச் சொல்லல. எனக்கும் அவ்ளோ வருசந்தான் ஆவுது. பொங்கலுக்கு வந்துடறேன்னு சொல்லு. இனிமே போவ மாட்டேன்."

அம்மா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பே நைனா வந்து இறங்கினார்.

இப்போது நான் தமிழாசிரியை. அணிகளுக்குப் பாட்டுகளிலிருந்து எத்தனையோ உதாரணங்கள் சொல்கிறேன். அம்மா சொன்னதை மட்டும் எந்த அணியிலும் சேர்த்ததில்லை.