அஞ்சலையைப் பேசவைக்கப் போன பயணம்

காலை ஆறரை. கடலூர் செம்மண்டலத்தில் ஷேர் ஆட்டோ ஏறினேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பதினைந்து ரூபாய். ஓட்டுகிற முருகன் எங்கள் தெருக்காரர்.

"ஜெராக்ஸ் கடைய மூடிட்டு காலங்காத்தால எங்க மாமா?"

"சிதம்பரம். சமாதானம் பேசப் போறவங்களுக்கு ரெண்டு நாள் ட்ரெய்னிங்."

"அதுக்கு பஸ் ஏறணுமா? அத்தைகிட்ட ஒரு நாள் வாயக் குடுத்துட்டுத் தப்பிச்சு வாங்க பாப்போம். அதான் ட்ரெய்னிங்!"

பக்கத்தில் இருந்த கீரைக்காரம்மா சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த முருங்கைக்கட்டு சரிந்து என் செருப்பில் விழுந்தது.

மீனவக் குப்பங்களுக்குள் வலைத் தகராறு வந்தால் இரண்டு பக்கமும் போய்ப் பேசுகிற சின்னக் குழு எங்களுடையது. பல வருஷமாக அதில் இருக்கிறேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஜனங்கள் வாயிலிருந்து கற்றதுதான். இந்தத் தடவை எனக்கு ஒரு பொறுப்பும் இருந்தது. சிதம்பரத்தை அடுத்த கிள்ளைக்கு அப்பால் ஒரு குப்பத்தில் அஞ்சலை இருக்கிறாள். அப்படியொரு தகராறில் அவள் வீட்டுப் படகைக் கொளுத்திவிட்டார்கள். ட்ரெய்னிங்கின் இரண்டாம் நாள் மதியம் அவள் வந்து, வெளியூர்க்காரர்கள் முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும். அழைத்து வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தவன் நான்.

சிதம்பரத்துக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று நின்று நின்று போய், வெள்ளாற்றுப் பாலம் தாண்டி இறங்கும்போது எட்டரை.

பத்து மணிக்கு வகுப்பு. பல மாவட்டங்களிலிருந்து இருபதுக்கும் மேல் ஆட்கள். நடத்தியவர் நாகர்கோவில் பக்கத்து ஸ்டெல்லா அக்கா. பெயர், ஊர் எல்லாம் கேட்டு முடித்ததும், "உங்க வாழ்க்கையிலேயே மோசமான நாள் எதுவோ, அத பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட சொல்லுங்க" என்றார்.

நான் நோட்டைத் திறந்து திறந்து மூடினேன். பக்கத்தில் இருந்தவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

ஒரு நிமிஷம் விட்டு அக்கா சொன்னார்: "யாரும் சொல்ல வேண்டாம். சொல்லுன்னதும் உடம்பு என்ன பண்ணிச்சு, அத மட்டும் பாருங்க. இதத்தான் ஒவ்வொரு கூட்டத்துலயும் நாம மத்தவங்ககிட்ட கேக்கறோம்."

எனக்குச் சுருக்கென்றது. எந்த அதிகாரி வந்தாலும், எந்தக் குழு வந்தாலும் அஞ்சலையை நடுவில் நிறுத்தி, "மொதல்லேருந்து சொல்லும்மா" என்று எடுத்துக் கொடுப்பது என் வழக்கம். ஏழு தடவை சொல்ல வைத்திருக்கிறேன். அவளுக்கு நியாயம் தேடுகிறேன் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

பொத்தானைத் திருகியவர் ராமநாதபுரத்து இஸ்மாயில் பாய். அவரும் கடற்கரையில் சமாதானம் பேசுகிறவர். சாம்பார் சாதம் சாப்பிடும்போது அவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"நானும் அப்படித்தான் இருந்தேன்ணே" என்றார். "இப்ப ஒரே தடவதான் கேப்பேன். எழுதி, அவுங்களுக்கே படிச்சுக் காட்டிருவேன். அடுத்து யாரு கேட்டாலும் அந்தத் தாளக் குடுத்துருவேன். கேட்டவன் வீட்டுக்குப் போயி நல்லாத் தூங்குறான்ணே. சொன்னவங்கதான முழிச்சிக் கிடக்காங்க?"

அந்தப் பேச்சை நோட்டில் குறித்துக்கொண்டேன். அவருடைய நம்பரையும்தான். படகுக்காரர்களோடு பேசத் தெரிந்த ஒரு கூட்டாளி எனக்கு அங்கே கிடைத்தார்.

மாலை ஐந்து மணிக்குக் கிள்ளை பஸ்ஸில் ஏறி, இறங்கி, குப்பத்துக்கு நடந்தேன். அஞ்சலை வாசலில் இறால் தோலுரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே கொடியில் பச்சைச் சேலை ஒன்று இஸ்திரி போட்டுத் தொங்கியது.

"நாளைக்கு எத்தினி மணிக்குண்ணே கெளம்பணும்?"

"நீ பேச வேணாம், அஞ்சலை."

கை நின்றது. "போன தடவ எதுனா தப்பா சொல்லிட்டனாண்ணே?"

"தப்பு உன்னுது இல்லம்மா. கேட்ட என்னுது."

இன்னொரு இறாலை எடுத்து உரித்தாள். "சொல்லிட்டு வந்தா மூணு நாளைக்கு அடுப்பு பத்த வெக்க கை வராதுண்ணே. பொண்ணுதான் ஆக்கும். நஷ்ட ஈட்டுக்கு நீங்க அலஞ்சதுக்கு எப்பிடி மாட்டேன்னு சொல்றது?"

உள்ளேயிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். "அப்பாடா! நாளைக்கு அம்மாவுக்கு தலவலின்னு நான் பொய் சொல்ற வேல மிச்சம், மாமா."

மூன்று பேரும் சிரித்துவிட்டோம். அஞ்சலை கேட்டாள்: "பேசலன்னாலும் சோறு போடுவாங்களா?"

"போடுவாங்க."

"அப்ப வரேன். சேலய இஸ்திரி போட்டுட்டேன்ல."

அஞ்சலை பேச மாட்டாள் என்று மறுநாள் ஏற்பாட்டாளரிடம் சொன்னபோது அவர் முகம் வாடியது. அவளுக்கு ஒதுக்கியிருந்த நேரத்தில் நானே எழுந்து, ஏழு தடவை அவளைப் பேச வைத்ததைச் சொன்னேன். கடைசி வரிசையில் பச்சைச் சேலையில் அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. இஸ்மாயில் பாய் மட்டும், உங்க பக்கம் நண்டு என்ன விலை என்று விசாரித்தார். அவ்வளவு விலையா என்று இரண்டு பேரும் சண்டையே போட்டார்கள்.

நாலரை மணிக்குச் சிதம்பரம் பஸ் ஸ்டாண்ட். அவளுக்குக் கிள்ளை, எனக்குக் கடலூர். டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவளாகவே சொன்னாள்.

"அந்தப் படகுக்குப் பொண்ணு பேருதாண்ணே வெச்சோம், பவித்ரா. மொத நாளு கடல்ல எறக்கினப்போ எங்க வூட்டுக்காரரு என்னயும் ஏத்திக்கினாரு. ஒரே வாந்தி. அவரு சிரிச்சாரு பாருங்க, கரையில நிக்கறவங்களுக்கே கேட்டுச்சு."

டீ கிளாஸ் தளும்பச் சிரித்தாள். கிள்ளை பஸ் வந்ததும் ஏறிப் போனாள்.

அந்தப் படகு எரிந்ததை ஏழு தடவை கேட்டிருக்கிறேன். அது கடலில் இறங்கியதை அன்றைக்குத்தான் கேட்டேன்.