பாலமுகுந்த் துபே சமஸ்கிருதம் தொடங்கிய விதம்

காசியில் கங்கைப் படித்துறையில், மூங்கில் குடையின் கீழ் பலகை போட்டு உட்கார்ந்திருக்கும் பாலமுகுந்த் துபேயை எல்லோரும் பண்டிட்ஜி என்றுதான் அழைப்பார்கள். இருபத்தெட்டு வருஷமாகப் பிண்டம் போடுவித்துப் பிழைக்கிறவர். மந்திரம் கணீரென்று வரும். அர்த்தம் மட்டும் வராது. அப்பா வாயிலிருந்து நேராக இவர் வாய்க்கு வந்தது. நடுவில் மூளையைத் தொந்தரவு செய்யவில்லை.

யாராவது ஒரு நாள் அர்த்தம் கேட்டுவிட்டால் மானம் கப்பலேறிவிடும் என்ற பயம் அவருக்கு இருந்தது. எனவே நாற்பதாவது வயதில், சமஸ்கிருதம் கற்றே தீர்வது என்று முடிவெடுத்தார். இப்போது ஐம்பத்திரண்டு. எப்படித் தொடங்குவது என்பதில்தான் சிக்கல்.

"இலக்கணச் சூத்திரம் நாலாயிரத்தையும் மனப்பாடம் பண்ணு. அர்த்தத்தை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் பாடசாலை சாஸ்திரி.

"சூத்திரமா? கதைப் புத்தகம் படிங்க துபேஜி, தானா வரும்" என்றார் ஓய்வுபெற்ற பேராசிரியர்.

கோயில் மண்டபத்தில் பத்து நாள் சமஸ்கிருத வகுப்பு நடத்துகிறவர்களோ, "முதல்ல பேசுங்க" என்றார்கள்.

துபே ஒருவர் சொன்னதை மற்றவரிடம் போய்ச் சொல்வார். அவர் முதலில் சொன்னவரைத் திட்டுவார். திட்டுகளைக் கேட்டே பாதிப் புலமை வந்துவிட்டதாகத் துபேக்குத் தோன்றியது. மூன்று வழிக்கும் புத்தகங்கள் வாங்கியாயிற்று. திறக்கத்தான் நாள் கூடவில்லை. அஷ்டமி, சதுர்த்தசி, அமாவாசை, பௌர்ணமி, பிரதமை எல்லாம் படிக்கலாகாத நாட்கள். இடி இடித்தாலும் ஆகாது. மிச்ச நாட்களில் வெற்றிலைக் கடையில் நின்று இதைப் பற்றி விவாதிக்க வேண்டியிருந்தது.

மனைவி சந்திரகலாவுக்கு இந்த நுணுக்கமெல்லாம் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டாள் என்று ஓர் அஷ்டமியன்று மண்டபத்து வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"அஷ்டமியில ஆரம்பிச்சா ஒரு எழுத்து மண்டையில ஏறாதுடி!"

"உங்களுக்கு ஏறின அளவுக்கு எனக்கு ஏறினாப் போதும், மஞ்சரி அப்பா."

பத்து நாளோடு அவள் விடவில்லை. அவர் வாங்கிப் பூட்டி வைத்திருந்த கதைப் புத்தகங்களை இரண்டு வருஷத்தில் படித்து முடித்தாள்.

போன பித்ருபட்சத்தில் ஒரு மத்தியானம் அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். பிள்ளை இல்லாததால் கணவனுக்குத் தானே பிண்டம் போட வந்த ஒரு சின்ன வயதுப் பெண், அப்போதுதான் முடித்துவிட்டுத் துபேயின் காலில் விழுந்தாள். துபே கையை உயர்த்தி, எல்லோருக்கும் கடைசியில் சொல்லும் ஆசீர்வாதத்தை முழங்கினார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

"அந்தப் பொண்ண என்னன்னு வாழ்த்தினீங்க?" என்றாள் சந்திரகலா.

"அப்பா சொல்லிக் கொடுத்த ஆசீர்வாதம். ஏன்?"

"அது கல்யாணப் பொண்ணுக்குச் சொல்றதுங்க. புருஷனோட நூறு வருஷம் சேர்ந்து வாழுன்னு சொல்லியிருக்கீங்க."

துபே சிரித்து மழுப்பப் பார்த்தார், முடியவில்லை. இருபத்தெட்டு வருஷத்தில் இந்தப் பலகைக்கு முன்னால் எத்தனை விதவைகள் குனிந்திருப்பார்கள்! அத்தனை பேரும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒருத்திகூட அர்த்தம் கேட்கவில்லை. கேட்டிருக்கக் கூடாதா என்று முதன்முறையாக அவருக்கு நெஞ்சு வலித்தது.

மேல்படியில் அடுத்த குடும்பம் இறங்கத் தொடங்கியிருந்தது. முன்னால் ஒரு வயதான அம்மாள், மகளின் தோளைப் பிடித்தபடி வந்தாள். துபே சாப்பாட்டைத் தள்ளி வைத்தார்.

"கலா, மொத மந்திரத்துலேருந்து ஒவ்வொரு வார்த்தையா சொல்றேன். அர்த்தம் சொல்லு."

"இப்பவா?"

"அந்தம்மா இங்க வந்து சேர்றதுக்குள்ள."