தாளத்துக்குப் பின்னால் வரும் சத்யபிரியா

பதினெட்டு வருடமாகத் திருச்செங்கோட்டைச் சுற்றிக் கல்யாணத்திலும் கோயில் நோம்பியிலும் பாடிவரும் சத்யபிரியா அக்காவுக்குக் கிடைத்த பாராட்டு ஒன்றே ஒன்றுதான்: “சினிமாவுல கேக்கறாப்லயே இருக்குதுங்க.” அதைக் கேட்டாலே அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். “அப்ப நான் எங்கடா இருக்கறேன்?” என்று கீபோர்டு வாசிக்கும் என்மேல்தான் பாய்வாள். நான் கலையரசன். திட்டு வாங்குவதும் என் வேலைதான்.

போன வருடம் செல்போனில் ஜாஸ் என்கிற அமெரிக்கப் பாட்டைக் கேட்க ஆரம்பித்தாள். என் நிம்மதி போயிற்று. எட்டு சினிமாப் பாட்டுகளை ஜாஸாக மாற்றிப் பாடி ஆல்பம் போட வேண்டுமாம். ஸ்டுடியோ என் வீட்டு மாடி அறை. எதிரொலிக்காமல் இருக்க, கோழிப்பண்ணையில் கேட்டு வாங்கிய முட்டை அட்டைகளைச் சுவரெல்லாம் ஒட்டினோம். ஒரு வாரம் கோழி நாற்றம். பாடும்போது, ஜாஸ் பாடகிகளைப் போலவே, தாளம் விழுந்த பிறகு அக்கா ஆற அமர வந்து வார்த்தையைப் போடுவாள்.

“தாளம் போயிருச்சுங்கக்கா.”

“போகட்டும். நான் பின்னால வாரேன்.”

எல்லாம் முடிந்ததும் பென் டிரைவில் ஏற்றி, யார் பாடியது என்று சொல்லாமல் கணவர் கையில் கொடுத்தாள். தனபால் மாமா லாரி டிரைவர். பாட்டு இல்லாமல் வண்டியை எடுக்க மாட்டார்.

“அவருக்கே என்ர குரல் தெரியலீன்னா எல்லாத்தையும் அழிச்சிரு” என்றாள் என்னிடம். மூன்று மாத உழைப்பு.

மறுநாள் காலை மாடி அறையில் இருந்தோம். ஓமலூரிலிருந்து மாமா கூப்பிட்டார். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

“சத்யா, வண்டியில பாட்டு இழுக்குது. எலக்ட்ரீசியன்கிட்ட உட்டிருக்கறேன். பிளேயரையே கழட்டிப்போட்டான்.”

அக்காவின் முகம் விழுந்துவிட்டது. கம்ப்யூட்டரைக் காட்டி, அழி என்று எனக்குச் சைகை செய்தாள். படுபாவி எலக்ட்ரீசியன் என்று மனசுக்குள் வைதுகொண்டே மவுஸில் கை வைத்தேன்.

“ஆனா ஒரு பழுதும் இல்லீங்கறான். திருப்பி மாட்டச் சொல்லி மறுக்காப் போட்டுக் கேட்டேன். ஏஞ் சத்யா, பாடறது நீதான?”

என் கை நின்றது.

“பாட்டு என்னமோ எனக்குப் புரியல. ஆனா ஊட்டுல நான் கூப்புட்டா உன்ர பதிலு இப்பிடித்தான, மெதுவா வரும்.”

போனில் மாமா காத்திருந்தார். லாரிகள் போகிற சத்தம் கேட்டது. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சி, சாவகாசமாகச் சொன்னாள்:

“நாந்தானுங்க.”