தாளுக்குள் அடக்கிய கார் ஷெட்

அந்த ஆபீஸில் அவளுக்கு முக்கால் என்று பெயர். டீ கொண்டுவருகிறவர்கூட, "முக்கால் மேடம், சர்க்கரை போடவா?" என்றுதான் கேட்பார். அந்தப் பட்டத்தைச் சூட்டிய புண்ணியவான் மச்சான் சார். முதலாளியின் மனைவிக்குத் தம்பி. முதலாளி வாய்க்கு வாய் மச்சான் மச்சான் என்று கூப்பிட, ஆபீஸ் அதன் வாலில் ஒரு சாரை ஒட்டிவிட்டது. அவருக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னால் பாவம். வேலையைத் தவிர எல்லாம் தெரியும்.

அவள் கம்ப்யூட்டரில் கட்டட வரைபடம் போடுகிறவள். கோடு போட்டால் கோடு, அப்படியொரு சுத்தமான கை. வரைபடப் பிரிவுக்கே அவளைத் தலைமை ஆக்குவதாக முதலாளி சொல்லியிருந்தார். வீட்டில் கணவனிடம் சொல்லி, கணவன் தன் ரொட்டிக் கடையில் எல்லோரிடமும் சொல்லி, அக்கம்பக்கம் வரைக்கும் பரவிவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் டாக்டரம்மா வீட்டு ஃப்ரிட்ஜ் வந்து குறுக்கே நின்றது.

ஆபீஸ் கட்டிக்கொடுத்த டாக்டரம்மா வீட்டுக்காக, ஏ2 தாளுக்கென்று அவள் போட்ட வரைபடம் அது. மூலையில் 1:50 என்று எழுதியிருந்தது. தாளில் இரண்டு சென்டிமீட்டர் இருந்தால் தரையில் ஒரு மீட்டர். பெரிய தாள் தீர்ந்துபோன ஒரு நாள், மச்சான் சார் அவசரத்தில் அதையே, அதில் பாதியான ஏ3 தாளில், "தாளுக்கு அடக்கு" என்ற பட்டனை அமுக்கிப் பிரிண்ட் எடுத்துவிட்டார். படம் சுருங்கியது. எழுத்து சுருங்கியது. ஆனால் 1:50 என்ற கணக்கு மட்டும் பத்திரமாக அப்படியே இருந்தது, பொய்யாக. அளவு எழுதாத இடங்களில் மேஸ்திரி ஸ்கேலை வைத்துப் பார்த்துக் கட்டுவது அங்கே வழக்கம். சமையலறையில் ஃப்ரிட்ஜுக்கு விட்ட மாடம், இருக்கவேண்டியதில் முக்காலுக்கும் கொஞ்சம் கம்மியாக எழும்பி நின்றது. டாக்டரம்மா வீட்டு ஃப்ரிட்ஜ் ஹாலில் சோபாவுக்குப் பக்கத்தில் குடியேறியது.

ஏ3 பிரிண்ட் மெஷின் அப்போது பொது ஹாலில் கிடந்தது. யார் எடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. மச்சான் சாருக்குத் தெரியும். ஆனால் அவர் எல்லோர் முன்னாலும் அவளைப் பார்த்து, "முழுசா வரையச் சொன்னா முக்காலா வரைஞ்சு வச்சிருக்கு இது. இதைத்தான் தலைமை ஆக்கப்போறீங்களா மாமா?" என்றார். ஹால் முழுக்கச் சிரிப்பு. முதலாளியும் ஒரு ஓரமாகச் சிரித்தார். தலைமைப் பதவி போயிற்று. பெரிய பிரிண்ட் மெஷினுக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்து ஒரு மேஜை கிடைத்தது. அதோடு விட்டதா? ஒரு நாள் ஆபீஸிலிருந்து யாரோ வீட்டுக்குப் போன் செய்து, "முக்கால் இருக்காங்களா?" என்று கேட்க, எடுத்தது அவள் மகள். அன்றைக்கு ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

இந்த ஆளை விடக் கூடாது என்று அப்போது முடிவு செய்தாள். சத்தம் போடவில்லை, அழவில்லை. சுவரைப் பார்த்த மேஜையில் உட்கார்ந்து கமுக்கமாக வேலை பார்த்தாள். ஆபீஸின் எல்லா வரைபடத்துக்கும் தாளுக்கொரு பக்கம் தனியாக வைத்தாள். ஏ2 பக்கத்தில் 1:50 என்று பூட்டு. ஏ3 பக்கத்தில் 1:100 என்று பூட்டு, ஏனென்றால் 1:50-ஐ ஏ3-இல் சுருக்கினால் வரும் எழுபது எழுபத்தொன்றுக்கு எந்த மேஸ்திரியின் ஸ்கேலிலும் கோடு கிடையாது. எழுத்து மட்டும் எந்தத் தாளிலும் ஒரே உயரம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பட்டை வரைந்து, 'இது ஐந்து மீட்டர்' என்று எழுதினாள். எவனாவது தாளை மாற்றிச் சுருக்கினால் பட்டையும் கூடவே சுருங்கும், காட்டிக்கொடுத்துவிடும். ஒழுங்கு வந்துவிட்டது என்று எல்லோரும் மெச்சினார்கள். ஒழுங்காம் ஒழுங்கு. அவள் விரித்தது வலை.

மச்சான் சார் தன் பங்குக்கு ஒரு உதவி செய்தார். "இனிமே யாரும் தாளோட விளையாடக் கூடாது" என்று ஏ3 மெஷினைத் தன் அறைக்குள் தூக்கிக்கொண்டு போய் வைத்துக்கொண்டார்.

மூன்று வருஷம் கழித்து அவர் சொந்த வீடு கட்டினார். படம் போட்டது அவள்தான். பாதி வேலை நடக்கும்போது வந்து முதுகுக்குப் பின்னால் நின்றார்.

"புதுக் கார் வாங்குறேன். பக்கவாட்டுல ஒரு ஷெட் சேரு."

காம்பவுண்டுக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவில் ஷெட்டை வரைந்தாள். அகலம் முன்பே எழுதியிருந்தது. பின்சுவர் வரைக்கும் ஆறு மீட்டர் விட்டாள்.

"நீளம் எழுதித் தரேன் சார்."

"உன் எழுத்தெல்லாம் யாருக்கு வேணும்? மேஸ்திரி ஸ்கேல் வச்சுப் பாத்துப்பான். ஃபைலை அனுப்பு."

"ஏ3 எடுக்கிறதா இருந்தா அதுக்குன்னு தனிப் பக்கம் இருக்கு சார்."

"முக்கால் எனக்குப் பாடம் எடுக்குது பாருங்கப்பா" என்று ஹாலைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

அறைக்குள் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. தாளோடு வெளியே வந்தார். எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி பொடிப்பொடியாக இருந்ததை அவள் தன் இடத்திலிருந்தே திரும்பிப் பார்த்தாள். ஏ2 பக்கத்தைத்தான் ஏ3 தாளில் திணித்திருக்கிறார். 'சார், அது தப்பு' என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். தொண்டை வரைக்கும் வந்தது. பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்து அதை உள்ளே தள்ளினாள். அவர் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

ஷெட் நாலேகால் மீட்டரில் முடிந்தது. சின்னதாக இருக்கிறதே என்று மேஸ்திரி கேட்டிருக்கிறார். "படத்துல இருக்கிறபடி கட்டுய்யா, உனக்கென்ன தெரியும்" என்று வாயை அடைத்திருக்கிறார் இவர். பின்சுவரை ஒட்டித் தண்ணீர்த் தொட்டிக்குக் கான்கிரீட்டும் போட்டாயிற்று. கார் வந்தது, உள்ளே போனது, வால் வெளியே நின்றது. கேட்டைச் சாத்த முடியவில்லை. தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் ஹாலில் அவர் குதித்த குதி இருக்கிறதே. "மறுபடியும் முக்காலா வரைஞ்சு என் வீட்டையே நாசம் பண்ணிட்டா மாமா. இன்னைக்கே வெளிய அனுப்புங்க."

முதலாளி அவளைப் பார்த்தார். அவள் எழுந்து நின்றாள்.

"மேஸ்திரிகிட்ட இருக்கிற தாளை வாங்கிப் பாருங்க சார். அடியில ஒரு பட்டை இருக்கும்."

மேஸ்திரி தாளோடு வந்தார். முதலாளி மேஜையில் விரித்து, ஐந்து மீட்டர் பட்டையின் மேல் தன் ஸ்கேலை வைத்தார். மூன்றரை காட்டியது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். அப்போதும் மூன்றரைதான்.

"இது ஏ3 தாள். மெஷின் யார் ரூம்ல இருக்கு?"

எல்லோரும் அந்த அறைக் கதவையே பார்த்தார்கள். முதலாளி ஸ்கேலைக் கீழே வைத்தார்.

"அப்போ மச்சான், அந்த டாக்டரம்மா வீட்டு ஃப்ரிட்ஜ்?"

மச்சான் சார் தரையைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்து அவள் அதுவரை கண்டதில்லை. வயிறு குளிர்ந்தது. முதலாளி அவளை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நாளையிலிருந்து பழைய மேஜைக்கு வரச் சொன்னார். சரி என்றாள். நன்றி சொல்லவில்லை, அன்றைக்கு இவரும்தானே சிரித்தார்.

அதற்குப் பிறகு தினமும் அவள் சுற்று வழியில் வீட்டுக்குப் போகிறாள். அந்தத் தெருவில், திறந்த கேட்டுக்கு வெளியே கார் துருத்திக்கொண்டிருப்பதை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் போவாள்.

கணவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மாவுக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "இருந்தாலும், தாளோட அவர் வெளிய வந்தப்ப நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்" என்றாள். "மூணு வருஷம் முன்னாடி அவரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."