என் கைகளில் யாரோ வைத்த துவக்கு

வின்டர்தூர் நகரில் எங்கள் துப்பாக்கி சுடும் கழகத்தில், என் துப்பாக்கிக்கு நானே தைத்த தோல் வாரைத் தடவிப் பார்த்த ஒருவர் “எங்கே வாங்கினாய்?” என்று கேட்டார். அந்த நிமிடமே இணையக்கடை யோசனை வந்துவிட்டது.

அன்று மாலையே, இணையதளங்களுக்கு இடம் கொடுக்கும், இணைய முகவரியும் இலவசம் என்ற ஒரு வெளிநாட்டு ஹோஸ்டிங் நிறுவனத்தில் கடையைப் பதிந்தேன். விதிமுறைகளை வாசிக்கவில்லை. வீட்டுச் சோபாவில் இருந்து, நான் தைத்த வாரும் துப்பாக்கி உறையும் பிடித்த என் கைகளைப் படமெடுத்துப் போட்டேன். இந்த நாட்டு வழக்கப்படி அடியில் வீட்டு விலாசமும் எழுதினேன். பத்தாம் நாள் கடை மறைந்தது. நிறுவனத்தின் விதிப்படி துப்பாக்கி சார்ந்த பொருள் கூடாதாம். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து, வேலையில் நிற்கும்போது அம்மா வீட்டிலிருந்து அழைத்தார்.

“தம்பி, வாசல்ல ஒருத்தன் நிக்கிறான். துவக்கு எடுக்க வந்தவனாம். என்னடா விக்கிறாய்?”

“தோல்தான் அம்மா! கதவைத் திறக்காதேங்கோ!”

“திறக்கேல்லை. அவன் உன்ரை பேரைச் சொல்லிக் கேக்கிறான்.”

கைபேசியில் பழைய முகவரியைத் தட்டினேன். கடை திரும்பி வந்திருந்தது. அதே சோபா, என் கட்டைவிரல் தழும்பு, அடியில் எங்கள் விலாசம். ஆனால் அந்தக் கைகளில் நான் கண்டிராத ஒரு கைத்துப்பாக்கி இருந்தது; அம்மா சொன்ன துவக்கு.

நான் அழைத்த பொலிஸ் வருவதற்குள் அந்த ஆள் போய்விட்டான். இணைய முகவரி என் பெயரில் அல்ல, நிறுவனத்தின் பெயரில்தான் இருந்ததாம். அவர்கள் கைவிட்டதை யாரோ எடுத்து, என் பக்கங்களையும் நகலெடுத்து, படத்தில் துப்பாக்கியை ஒட்டி விற்பனைக்கு வைத்திருக்கிறார்கள். பொலிஸ் தலையிட்டு அதை மூட வைத்தது. மணி அடித்தால் அம்மா இன்னும் ஜன்னலால்தான் பார்க்கிறார்.

இப்போது இணைய முகவரியை என் பெயரிலேயே தனியாக வாங்கிவிட்டேன். கடிதங்களுக்குத் தபால் பெட்டி எடுத்திருக்கிறேன். நாளை ஆரா நகரில் ஒரு சிறிய ஹோஸ்டிங் நிறுவனத்துக்குப் போய், துப்பாக்கி உறை விற்கலாமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கப் போகிறேன். அவர்கள் ஓம் என்றால் புதுப் படங்கள் எடுப்பேன். அவற்றில் என் கைகள் இருக்காது.