ஊர்சுற்றிக்குத் தோப்பு கொடுத்தவன்

கருப்பணன் முதன்முதலில் ஒரு மனிதனின் எலும்பை உடைத்தபோது அவனுக்குப் பத்தொன்பது வயது. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு கல்யாண வீட்டுக்கு மைக்செட் போடப் போயிருந்தான். குடித்திருந்த மாப்பிள்ளை வீட்டார் சத்தத்தை இன்னும் ஏற்றச் சொன்னார்கள். "இதுக்கு மேல ஏத்துனா ஸ்பீக்கர் கிழிஞ்சிரும்ணே" என்றான். ஒருவன் வாயிலேயே குத்தினான். முன்பல் இரண்டு போனது. கருப்பணன் மைக் ஸ்டாண்டைப் பிடுங்கிக் குத்தியவனின் தோளில் இறக்கினான். காறையெலும்பு முறிந்த சத்தம் அவனுக்கு மட்டும் தனியாகக் கேட்டது. அந்தச் சத்தம் பிடித்திருந்தது என்று பிற்பாடு மனைவியிடம் சொல்லியிருக்கிறான்.

அடி அவனுக்குப் பழகியதுதான். அப்பா மண்வெட்டிக் காம்பால் அடிப்பார். அதற்குப் பயந்தே ஊரைவிட்டு ஓடித் திண்டுக்கல்லில் ஒரு மைக்செட் கடையில் ஒதுங்கினான். வயர் சுற்றினான், குழாய் ஸ்பீக்கர் கட்டப் பனைமரம் ஏறினான், பிறகு சொந்தமாகச் செட் வாங்கினான். அப்பா செத்ததும் எரியோட்டுக்கு உள்ளே தள்ளியிருக்கும் தன் ஊருக்கே திரும்பி வந்தான். பாகத்தில் வந்த சின்னத் தென்னந்தோப்பு, அறிவுச்செல்வியோடு கல்யாணம், கோயில் கொடைக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் ஸ்பீக்கர் என்று வாழ்க்கை ஓடியது. ஊரில் அவனைக் கோபக்காரன் என்பார்கள். வாய்ச்சண்டையில் பாதியிலேயே கை ஓங்கிவிடுவான்.

அவனை இசைப் பைத்தியம் ஆக்கியது 'ஊர்சுற்றி'. திண்டுக்கல் இளைஞர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் மூன்று நாள் இசை விழா அது. மேடை என்று ஒன்று கிடையாது. ஊர் முழுக்கப் பல இடங்களில் நடக்கும். கேட்பவர்கள்தான் இடம்விட்டு இடம் சுற்ற வேண்டும். முதல் வருடம் ஒரு பூட்டுப் பட்டறைக்கு ஸ்பீக்கர் வைக்கக் கூப்பிட்டிருந்தார்கள். பூட்டுத் தொழிலாளிகள் அரம் போட, அந்த அராவல் சத்தத்தோடு ஒரு பெண் வயலின் வாசித்தாள். கருப்பணன் வயரைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டான். கல்யாண வீட்டில் யாருக்கும் வேண்டாத இரைச்சலை இங்கே ஆட்கள் கண்ணை மூடிக் கேட்டார்கள்.

அடுத்த விழாவுக்கு அவன் ரசிகனாகவே காத்திருந்தான். ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவனைச் சேர்த்துவிட்டவள் ருக்சானா. பேகம்பூரில் இருக்கிறாள், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, விழாக் குழுவிலும் ஒருத்தி. மாதக்கணக்காகக் குழுவில் வேறு பேச்சே இல்லை. மூடிக்கிடக்கும் சினிமாக் கொட்டகையில் விளக்கே போடாமல் ஒரு கச்சேரியாம். ஒருவர் நாகஸ்வரத்தோடு ஜெனரேட்டர் உறுமலைச் சேர்த்து வாசிக்கப் போகிறாராம். மலைக்கோட்டை அடிவாரத்தில் ஆரம்பித்து, பூ மார்க்கெட் மாடிக்குப் போய், அங்கிருந்து பழைய தோல் கிடங்குக்கு எந்தச் சந்து வழியாகப் போனால் ஒரு பாட்டுகூடத் தவறாது என்று சண்டையே போட்டுக்கொண்டார்கள். ஊருக்கு வெளியே ஒரு இடம் வேண்டும் என்று ருக்சானா கேட்டதும் கருப்பணன் யோசிக்கவே இல்லை.

"என் தோப்பு இருக்கு. எடுத்துக்கோம்மா."

தோப்பில் யார் வாசிப்பது என்று குழு முடிவு செய்தது. கருப்பணனின் ஊர்க் காலனியிலேயே இருக்கும் இன்னாசியம்மாளின் பறைக் குழு. அவளோடு திண்டுக்கல் பையன் ஒருவன் கணினியில் ஒலிகளை முறுக்கிக் கலக்குவான். இன்னாசியம்மாள் ஐம்பதை நெருங்கியவள், சாவு வீட்டுக்கு அடிப்பதை நிறுத்திப் பல வருடமாயிற்று. ஒத்திகைக்குத் தோப்புக்கு வந்தவள் மரங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சத்தம் நல்லாத் திரும்பிக் கேக்கும் தம்பி" என்றாள். கருப்பணனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

சுவரொட்டி எரியோடு கடைத்தெருவில் ஒட்டப்பட்ட அன்றைக்கே மதியழகன் தோப்புக்கு வந்தான். கருப்பணனின் பெரியப்பா மகன், பக்கத்துத் தோப்புக்காரன்.

"ஏலே கருப்பா, தாத்தா வச்ச மரத்தடியில யாரு மோளம் அடிக்கப் போறா?"

"இன்னாசியம்மா வாசிக்கிறாகண்ணே."

"வாசிக்கிறாகவா? மரியாதையப் பாரு. ஒன்னத் தம்பிங்குறாளாம்ல அவ?"

"வயசுல மூத்தவுக. வேற எப்படிக் கூப்புடுவாக?"

மதியழகன் அறைந்தான். கருப்பணன் அவன் கழுத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய்த் தென்னையில் முகத்தை மோதினான். பட்டை கீறிக் கன்னம் முழுக்க ரத்தம். மதியழகன் சட்டையில் துடைத்துக்கொண்டு, "பாட்டுக் கேக்க ஒனக்குக் காது இருக்காதுடா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இரண்டு நாள் கழித்துப் பொழுது சாய்கையில், ஒரு கோயிலில் செட்டைக் கழற்றிக்கொண்டு கருப்பணன் பைக்கில் வந்தான். பாலத்துக்கிட்ட மூன்று பேர் நின்றார்கள். முதல் அடி பைக்கிலிருந்து அவனைச் சாய்த்தது. இரும்புக் குழாய். தலைக்கு வந்த அடியை வலது கையால் தடுத்தான். முழங்கைக்குக் கீழே இரண்டு எலும்பும் போயின. விழுந்து கிடந்தவனைக் காது பக்கமாகவே மிதித்தார்கள். ஒரு டவுன் பஸ் நின்று, பார்த்து, கிளம்பிப் போயிற்று. சட்டைப் பையில் போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. பூ மார்க்கெட் நிகழ்ச்சிக்கு யாரெல்லாம் வருகிறீர்கள் என்று குழுவில் கேட்டிருந்தார்கள்.

திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் அவன் கட்டுப் போட்டுக் கிடந்தபோது, பட்டப்பகலில் மரம் அறுக்கும் மிஷினோடு தோப்புக்குள் ஆட்கள் இறங்கினார்கள். மதியழகன் வரப்பில் நின்று கையைக் காட்டினான். காய்ப்பில் இருந்த மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. அறிவுச்செல்வி வீட்டிலிருந்து ஓடி வந்தாள். தேங்காய் உரிக்கும் பாரையை மண்ணிலிருந்து பிடுங்கி, மிஷின் பிடித்திருந்தவனின் கெண்டைக்காலில் செருகினாள். அவன் அலறிக்கொண்டு விழுந்தான். இன்னொருவன் அவள் தலைமுடியைப் பிடித்துச் சுழற்றி அறுத்த கட்டை மேல் வீசினான். நெற்றி பிளந்தது. அதற்கப்புறம்தான் அவர்கள் போனார்கள். தோப்பில் நின்ற மரங்களைவிடக் கிடந்த மரங்கள் அதிகம்.

ருக்சானா ஆஸ்பத்திரிக்கு வந்தபோது கணவனும் மனைவியும் வேறு வேறு வார்டில் இருந்தார்கள். அவள் கட்டில் ஓரத்தில் நின்று அழுதாள்.

"அண்ணே, தோப்பு நிகழ்ச்சிய எடுத்துட்டோம். வாரவங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நாங்க என்ன பண்ணுவோம்? இன்னாசியம்மா டவுன்லயே வாசிக்கட்டும்னு முடிவு."

"குழுவுல என்ன சொல்றாக?"

"பாதிப் பேரு பயந்துட்டாங்க. பாதிப் பேரு உங்களுக்காக வருவோம்கிறாங்க."

கருப்பணன் எழுந்து மனைவியின் வார்டுக்குப் போனான். அவள் நெற்றித் தையலைப் பார்த்துவிட்டு வந்தவன், மறுநாள் காலை யாரிடமும் சொல்லாமல் ஆஸ்பத்திரியை விட்டு இறங்கிப் பஸ் ஏறினான். வீட்டில் கூரையில் செருகியிருந்த அரிவாளை இடது கையில் எடுத்தான். மதியழகன் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தான். கருப்பணன் வாசல்படியேறியதைப் பார்த்து எழப் போனவனின் மேல் அரிவாள் இறங்கியது. பழக்கமில்லாத கை, கழுத்துக்குப் போக வேண்டியது தடுத்த கையில் விழுந்தது. மணிக்கட்டுக்கு மேலே எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. தட்டிலிருந்த சோறு சிவந்தது. மதியழகனின் அம்மா, கருப்பணன் பெரியம்மா என்று கூப்பிட்டு வளர்ந்தவள், "ஒன்ன நான் தூக்கி வளத்தேனடா பாவி" என்று மாரில் அடித்துக்கொண்டாள். இரண்டாவது வெட்டுக்கு ஓங்கிய கை அங்கேயே நின்றது. அவன் முற்றத்தில் உட்கார்ந்துகொண்டான். போலீஸ் வரும்வரை எழவில்லை.

அன்று சாயங்காலம் மதியழகனின் ஆட்கள் கருப்பணன் வீட்டுக்குப் போகவில்லை. காலனிக்குள் புகுந்தார்கள். ஓடுகளை உடைத்தார்கள், இன்னாசியம்மாளின் வீட்டுக் கதவைப் பெயர்த்து, வரிசையாக மாட்டியிருந்த பறைகளைக் கத்தியால் குத்திக் கிழித்தார்கள். தடுக்க வந்த அவள் தம்பிக்கு ஒரு கண் போனது.

விழா நடந்த மூன்று நாளும் கருப்பணன் ஜெயிலில் இருந்தான். உள்ளே படுத்துக்கொண்டு, இப்போது மலைக்கோட்டை, இப்போது கிடங்கு, இப்போது சினிமாக் கொட்டகை என்று மனசுக்குள் சுற்றினான். இன்னாசியம்மாள் இரவல் பறையோடு ஒரு கல்யாண மண்டபத்தில் வாசித்ததாகவும், கூட்டம் தெருவரை நின்றதாகவும் பார்க்க வந்த அறிவுச்செல்வி சொன்னாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஜாமீனில் வந்ததும் காலனிக்குப் போனான். இன்னாசியம்மாள் வாசலில் நின்றபடியே பேசினாள், உள்ளே கூப்பிடவில்லை.

"என்னால ஒங்க தம்பிக்கு இப்படி ஆயிருச்சு. ஒங்களுக்காகத்தான் நான்..."

"எங்களுக்காகன்னு சொல்லாத" என்று வெட்டினாள். "தோப்பக் குடுத்தது எங்களுக்காகன்னு வேணா சொல்லு, ஒத்துக்கிறேன். அரிவாள எடுத்தது ஒன் கோவத்துக்கு. ஒன் பொண்டாட்டி நெத்திக்கு. நீங்க ரெண்டு பேரும் பங்காளி, நாளைக்கி ஒரு சாவு விழுந்தா ஒண்ணா நின்னு தண்ணி எடுப்பீக. கண்ணு போனது எங்க வீட்ல."

அவன் தலை குனிந்தான். புதிதாக மாட்டியிருந்த கதவை அவள் சாத்தவில்லை. அவனாகவே திரும்பி நடந்தான். வாழ்க்கையில் வாங்கிய எந்த அடியையும்விட அது வலித்தது என்று அறிவுச்செல்வியிடம் சொன்னான். வலித்த இடத்தில் திருப்பி அடிக்க யாரும் இல்லை.

வழக்குகள் இன்னும் நடக்கின்றன. மதியழகனுக்கு மூன்று விரல் மடங்காது. தெருவில் எதிரே வந்தால் இருவரும் நின்று பார்ப்பார்கள், பிறகு ஒருவன் விலகுவான். யார் விலகுவது என்பது அன்றன்றைக்குத்தான் தெரியும். கருப்பணனுக்கு வலது காதில் பாதிதான் கேட்கிறது. கோபம் குறைந்ததா என்றால் இல்லை. சுவரில் குத்தி முட்டியைக் கிழித்துக்கொள்கிறான்.

இந்த வருட ஊர்சுற்றியில் காலனித் திடலையும் ஒரு இடமாகச் சேர்த்திருக்கிறார்கள். கேட்டு வாங்கியவளே இன்னாசியம்மாள்தான். "தோப்புக்காரன் தயவு வேணாம், எங்க தெருவுக்கு வந்து கேக்கட்டும்" என்றாளாம். அறிவிப்பு வந்த நிமிடத்திலிருந்து வாட்ஸ்அப் குழு மறுபடி கொதிக்கிறது. திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும்கூட வருகிறார்கள். எந்த இடத்தில் ஆரம்பிப்பது, எரியோட்டுக்கு எந்தப் பஸ், திரும்ப வண்டி உண்டா என்று கேள்விக்கு மேல் கேள்வி. கருப்பணன் ஒரு வாரம் படிக்க மட்டும் செய்தான்.

பிறகு இன்னாசியம்மாளிடமிருந்து போன் வந்தது.

"ஸ்பீக்கர் ஒன்னோடது வேணும். வாடகை விழாக் குழு தரும். வச்சிட்டு முன்னால வந்து நிக்காத. கூட்டத்தோட கூட்டமாத் தரையில ஒக்காந்து கேளு. முடியுமா?"

"வாரேன்."

அன்று அவன் குழுவில் எழுதினான்: எரியோட்டில் இறங்கிக் கிழக்கே வரவும், திடலில் வெளிச்சம் இருக்கும், தண்ணீர் வைத்திருப்போம், இருட்டும் முன்னே வந்துவிடுங்கள். நூற்றுக்கு மேல் ஆட்கள் கைதட்டும் படம் போட்டார்கள்.

விழாவுக்கு முந்தின மாலை அவனும் அறிவுச்செல்வியும் ஸ்பீக்கர்களைத் துடைத்து வண்டியில் ஏற்றினார்கள். மதியழகன் ஆட்களும் சும்மா இருக்கப் போவதில்லை என்று கடைத்தெருவில் பேச்சு இருந்தது. அவள் ஒரு முனையைத் தூக்கியபடியே கேட்டாள்.

"நாளைக்கி எவனாச்சும் உள்ள புகுந்தா என்னங்க செய்வீக?"

"பாட்டுக் கேப்பேன்."

"அடிச்சா?"

கருப்பணன் ஸ்பீக்கரை வண்டிக்குள் தள்ளிவிட்டு, கோணலாகக் கூடிய வலது கையைத் தேய்த்துக்கொண்டான்.

"திருப்பி அடிக்க மாட்டேன்னு ஒங்கிட்டப் பொய் சொல்ல முடியல. ஆனா இந்தத் தடவ முழுசாக் கேக்கணும்டி. மொத அடியிலிருந்து கடைசி அடி வரைக்கும்."

அவள் கயிற்றின் மறுநுனியை எடுத்து அவனிடம் நீட்டினாள். அவன் இழுத்துக் கட்டினான். வண்டி காலனிப் பக்கம் திரும்பியபோது திடலில் ஏற்கெனவே யாரோ பறையைத் தீயில் காய்ச்சத் தொடங்கியிருந்தார்கள்.