கையூம் பாயின் வெள்ளை அணுக்கள்

நர்ஸ் ஊசியை எடுப்பதற்குள் அப்துல் கையூம் சட்டைக் கையைச் சுருட்டி முடித்துவிடுவார். "இந்தக் கையிலயே குத்துங்க அம்மணி. அந்தக் கை போன வாரமே கோவிச்சுக்கிச்சு" என்பார். கணபதிப் பகுதியில் மெத்தைக் கடை வைத்திருக்கும் அவருக்கு வியாழன்தோறும் ரத்தப் பரிசோதனை. திரும்பி வந்தால் தெருவே கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதுபோலக் கேட்கும்: "ஏனுங்க பாய், இன்னைக்கு எத்தனைங்க?"

எல்லாம் தொண்ணூற்றாறாம் வருஷம் டாக்டர் எழுதிக்கொடுத்த க்ளோசபின் மாத்திரையால் வந்தது. அதற்கு முன், "ஊசிய மெத்தைக்குள்ளயே உட்டுப்போட்டியே" என்று ஒரு குரல் அவர் காதுக்குள் ஓயாமல் நச்சரிக்கும். பாவம் மனுஷன், விற்ற மெத்தையைத் தேடிப் போய்க் கிழிப்பார். காரமடையில் ஒரு புது மாப்பிள்ளையைத் தட்டி எழுப்பிவிட்டுக் கிழித்தார். முன்பு கொடுத்த இரண்டு வகை மாத்திரைக்கும் அடங்காத குரல் இதற்குத்தான் வாயை மூடியது. கூடவே அகோரப் பசி வந்தது. தூக்கத்தில் எச்சில் ஒழுகித் தலையணை நனைந்தது. துவாலைத் துணியில் தானே உறை தைத்துக்கொண்டார். "மெத்தைக்காரனுக்குத் தலகாணி ஒரு பிரச்சனையாங்க?"

பிரச்சனை வேறு. இந்த மாத்திரை சிலருக்கு ரத்தத்தில் வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடும். ஒரு வியாழன் மூவாயிரத்து இருநூற்றுக்கு இறங்கிவிட்டது. "திங்கக்கிழமை மறுபடி பார்ப்போம். மூவாயிரத்துக்குக் கீழ போனா மாத்திரைய நிறுத்தணும்" என்றார் டாக்டர்.

இட்லிக் கடை பூவாத்தாள் பதறிப்போனாள். "வெள்ளை அணுவுக்கு வெள்ளையாத்தானுங்க திங்கோணும்!" அவ்வளவுதான், இட்லி, முள்ளங்கி, பூண்டு, பால் என்று தெருவே கொண்டுவந்து இறக்கியது. சட்னியில்கூடப் பச்சை மிளகாய் கிடையாது. சோற்றுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "அவரு சின்ன வயசு, என்னங்க தெரியும்?" என்றாள் பூவாத்தாள்.

கையூம் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. ஆனால் பொள்ளாச்சிக்குப் போகவேண்டிய மெத்தை மட்டும் வாய் தைக்காமல் கிடந்தது. "மூடிப்போட்டு, மாத்திரையும் நின்னுபோச்சுன்னா அப்புறம் ஆரு கிழிக்கறது சாஜிதா? நாந்தானே?" என்று மனைவியிடம் சொன்னபோது கையூம் சிரிக்கவில்லை. அவருக்குப் பயம்தான்.

திங்கட்கிழமை சாயங்காலம் சாஜிதா பேகம் முடிவுச் சீட்டோடு ஓட்டமும் நடையுமாக வந்தார். "அஞ்சாயிரத்து நானூறு!"

"எல்லாம் எங்க இட்லிங்க!" என்று பூவாத்தாள் குதித்தாள்.

கையூம் வாயில் இருந்த இட்லியை விழுங்காமலே நீள ஊசியில் நூலைக் கோத்தார். பொள்ளாச்சி மெத்தையை மடியில் இழுத்துப் போட்டு, அதன் வாயைத் தைத்து மூடினார்.